முழங்காலுக்காக நாடு கடந்தவர்

நாட்டுக்காகக் காலை இழந்தவர்கள் சரித்திரத்தில் ஏராளம். ஒரு காலுக்காக நாட்டையே துறந்தவர் என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான் தேறுவார். அதுவும் அந்தக் கால் அவருடையதல்ல, மனைவியுடையது. முழுக் காலும் அல்ல, முழங்கால். அதிலும் இடது.

அந்தத் தியாகி ஓய்வு பெற்ற துணைப் பதிவாளர். முப்பத்தாறு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் ஒரு கோப்பு திறப்பார். கோப்புக்குத் தலைப்பு யோசித்து முடிப்பதற்குள் மனைவி ஒரு வாஷரைப் போட்டு ஒழுகலை நிறுத்தியிருப்பார். உடனே பதிவாளர் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடுவார். அந்த வீட்டின் நிர்வாகம் நாற்பது வருடமாக இப்படித்தான் சீராக நடந்து வந்தது.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் டீச்சர். இருபத்தொன்பது வருடம் பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் மிதிக்க மறந்த கிளட்சையும் பிரேக்கையும் தன் காலால் மிதித்து, அந்த ஊர் ஜனத்தொகையைக் குறையாமல் காத்தவர். அந்த ஊர் குளிர் ஊர். ஒரு நாள் காலையில் சாக்ஸ் போடும்போது டீச்சர் தன்னை மறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

“குளிர் வந்தா இந்த முட்டி லேசா பிடிக்குதுங்க.”

பதிவாளர் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய் மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ‘வெப்ப நாட்டில் குடியேற்றம்’ என்று தலைப்பிட்டு, வெயில் நகரம் ஒன்றின் வண்ணப் படங்கள், நீச்சல் குளத்தின் நீள அகலம், விண்ணப்பப் படிவம் எல்லாம் அதில் தயாராக இருந்தன. கோப்பு திறக்கப்பட்ட தேதி, டீச்சருக்கு முட்டி பிடித்த தேதிக்கு இரண்டு வருடம் முந்தியது. மனைவிக்கு வரப்போகும் வலியை இரண்டு வருடம் முன்னாலேயே உணர்ந்த கணவர்கள் உலகில் எத்தனை பேர்?

அன்று மாலையே குடும்பக் கூட்டம் கூடியது. தலைவர், பதிவாளர். உறுப்பினர், டீச்சர். வெளியூரில் இருந்த மகள் போனில் கலந்துகொண்டாள்.

“உன் முட்டிக்கு வெயில் வேணும்மா,” என்று தலைவர் தொடங்கி வைத்தார்.

“ஹீட்டர் முன்னாடி பத்து நிமிஷம் உட்கார்ந்தா சரியாயிடுதுங்க.”

“அது தற்காலிக நிவாரணம். நான் நிரந்தரத் தீர்வு பத்திப் பேசறேன்.”

“ஸ்கூல்ல பதினோரு பேரு லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு நிக்கறாங்க. நான் பாட்டுக்கு எப்படி வர்றது?”

“உன் முட்டியை விட அந்தப் பதினோரு பேரு உனக்கு முக்கியமா?”

“அப்பா சொல்றது சரிதாம்மா,” என்றாள் போனில் மகள். “எனக்கும் லீவுக்கு வர ஒரு இடம் ஆச்சு.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனம் யாருடையது என்று குறிப்பேட்டில் எழுதப்படவில்லை.

வெயில் நாட்டு அரசாங்கம் பெருந்தன்மையானது. உடம்பு சரியில்லாத வயதானவர்களுக்கென்றே ‘வெப்ப நல வதிவிட அனுமதி’ என்று ஒன்றை வைத்திருந்தது. அதில் டீச்சர் ‘முதன்மை நோயாளி’. பதிவாளர் ‘உடனிருப்பவர்’. வாழ்க்கையில் முதல் முறையாக மனைவியின் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து விழுந்தது. அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நோய் தீரும் நாளில் அனுமதியும் தீரும். ஆறாவது மாதம் முதல் பரிசோதனை, அப்புறம் வருடா வருடம். அதாவது, கால் சரியானால் அனுமதி காலாவதி. படிவத்தின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

போய் இறங்கினார்கள். ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை, வெள்ளை டைல்ஸ், காயப்போட்ட துணி அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும் பால்கனி. கட்டிடம் முழுக்க அவர்களைப் போலவே வெயிலுக்காகக் கடல் கடந்து வந்த வயதான தம்பதிகள். வெயில் தாங்காது என்பதால் கட்டிடம் முழுவதும் ஏசி போட்டிருந்தார்கள். ஏசி தாங்காது என்பதால் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். கீழ்த்தளக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து, அந்தப் பக்கம் அடிக்கும் வெயிலை, “என்ன அருமையான வெயில்!” என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதிவாளர் அங்கே பூத்துக் குலுங்கினார். மூன்றாவது வாரம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் இணைச் செயலாளர். ஆறாவது வாரம் செயலாளர். காலையில் நீச்சல் குளம், பகலில் கேரம், மாலையில் செயற்குழு. யாரிடம் பேசினாலும் டீச்சரைக் காட்டி ஒரே வாக்கியம்.

“இவங்க முட்டிக்காகத்தான் எல்லாத்தையும் உதறிட்டு வந்தேன்.”

‘எல்லாம்’ என்று அவர் சொன்னது, வண்டி நிறுத்தும் தகராறில் பேச்சு நின்றுபோன ஒரு பக்கத்து வீட்டுக்காரரையும், படித்த பேப்பரையே திரும்பப் படிக்கும் காலை நேரங்களையும். ஆனாலும் கேட்ட பெண்களுக்குக் கண் கலங்கியது. “பாருங்க, பார்த்துக் கத்துக்கங்க,” என்று பல் டாக்டரின் மனைவி பல் டாக்டரை இடித்தார்.

டீச்சருக்குக் கூடத்துக் குளிரில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஷட்டரைப் பாதி தூக்கிய ரொட்டிக் கடை, ரப்பர் குழாயால் தெருவையே குளிப்பாட்டும் பூக்கடைக்காரி, அதைத் தாண்டி பஸ் டிப்போ. ரிவர்ஸ் எடுக்கும் பஸ்களை வேலி ஓரம் நின்று பார்ப்பார். ஸ்டியரிங்கை அதிகம் ஒடித்தால் அவர் உதடு தானாகச் சப்புக் கொட்டும்.

பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிய பெண் அதைக் கவனித்துவிட்டார். ஒரு நாள் டீச்சர் அந்த பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். நாலாவது வளைவில் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அம்மா, உங்க பக்கம் பிரேக் இல்ல. எதுக்கு அந்தத் தகரத்தை அந்த மிதி மிதிக்கறீங்க?”

“பழக்கம்மா. இருபத்தொன்பது வருஷம் சொல்லிக் கொடுத்த கால்.”

“சொல்லிக் கொடுப்பீங்களா? டிப்போவுல புதுசா நாலு பேரு சேர்ந்திருக்காங்க. முன்னாடி விமானம் மாதிரி போறாங்க, பின்னாடி வரத் தெரியல. கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?”

அன்றிலிருந்து காலை இரண்டு மணி நேரம் டீச்சர் டிப்போவில். புதியவர்களுக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அவருக்கு அந்த ஊரில் கெட்ட வார்த்தைகள் எவை, நல்ல டீக்கடை எது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஊரை டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. இதை அவரே எதிர்பார்க்கவில்லை. வியர்க்க வியர்க்க நடப்பதிலும் ஒரு சுகம் இருந்தது.

நாலாவது மாதம் ஒரு நாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. டீச்சர் படியேறினார். ஐந்தாவது மாடியில்தான் அவருக்கு உறைத்தது. மீதி நாலு மாடியையும் சின்னப் பெண் மாதிரி ஏறி, கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினார்.

“என்னங்க! ஒன்பது மாடியும் ஏறி வந்துட்டேன்! வலியே இல்ல! சுத்தமா இல்ல!”

தியாகம் பலித்துவிட்டது. பதிவாளர் ஓடி வந்தார். முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம் பால்கனிக் கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசு. யாராவது பார்த்தாங்களா?”

“எதை?”

“நீ ஏறினதை.”

அன்று மாலை சங்கத் தலைவரை அவசரமாக வரவழைத்தார். தலைவரை எல்லோரும் ‘கேப்டன்’ என்பார்கள். கப்பல் கம்பெனியில் காலண்டர் அச்சடிக்கும் பிரிவில் இருந்தவர். அவர் முழு விவரத்தையும் கேட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“இது இங்க பெரிய ஆபத்து சார். மூணு வருஷம் முன்னாடி நாலாவது மாடியில ஒருத்தருக்கு ஆஸ்துமா குணமாயிடுச்சு. முப்பது நாள்ல மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க. தங்கமான மனுஷன். ஒரு வேளைகூடத் தவறாம மாத்திரை சாப்பிட்டார், அதான் வினை.”

“இப்ப என்ன சார் பண்றது?”

“பதறாதீங்க. நம்ம சங்கத்துல ‘நோய் பாதுகாப்புக் குழு’ன்னு ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ரெண்டு வகுப்பு. நொண்டறதுல ஒரு நிதானம் வேணும், பாருங்க. சில பேரு ஆர்வக் கோளாறுல கால் மாத்தி நொண்டிடறாங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாளே ஒரு சக்கர நாற்காலி வந்து சேர்ந்தது. அறையை விட்டு வெளியே போனால் நாற்காலியில்தான் போக வேண்டும். விடியற்கால நடை ரத்து. டிப்போ ரத்து. படிக்கட்டைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது.

“என் முட்டி சரியாகணும்னுதானே இங்க வந்தோம்?” என்று கேட்டார் டீச்சர்.

“ஆமா.”

“சரியாயிடுச்சே.”

“அவசரப்பட்டுட்டியேம்மா. ரெண்டு மாசம் பொறுத்துக்க. பரிசோதனை முடிஞ்சுடட்டும்.”

“அப்புறம் நடக்கலாமா?”

“அப்புறம் அடுத்த பரிசோதனை வரும்ல?”

நாற்பது வருடப் பழக்கம் லேசில் போகாது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடத்தில் கண்ணாடி ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மடியில் கம்பளி போர்த்தினார்கள். பதினேழாம் நம்பர் பஸ் தினம் ஏழு தடவை அந்தத் தெருவைக் கடந்து போனது. முதல் வாரம் டிரைவர் வேகத்தைக் குறைத்துக் கையாட்டினார். இரண்டாவது வாரம் பஸ்ஸையே நிறுத்தி, இறங்கி வந்து விசாரித்தார். “அவங்க ரொம்ப முடியாம இருக்காங்க,” என்று பதிவாளர் வாசலிலேயே அனுப்பி வைத்தார். கணவன் மனைவியை இப்படித் தாங்குவதைப் பார்த்த சங்கம், பதிவாளருக்கு ‘தியாகச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்து ஒரு சால்வையும் போர்த்தியது. ஏசியில் அது உபயோகமாகவும் இருந்தது.

ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு பிற்பகல், தண்ணீர் எடுப்பதற்காக டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இடது முழங்கால் சுருக்கென்று பிடித்தது. “அம்மா!” என்று மேஜையைப் பிடித்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜ வலி. கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதிரே கோப்பு பார்த்துக்கொண்டிருந்த பதிவாளர் நிமிர்ந்தார்.

“வலிக்குதா?”

“ஆமாங்க.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“அப்பாடா!” என்றார் பதிவாளர்.

வாய் தவறி வந்த வார்த்தைதான். உடனே எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், தைலத்தைத் தேடினார். ஆனால் அந்த ‘அப்பாடா’ வந்தபோது அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதை டீச்சர் பார்த்துவிட்டார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் இப்போதுதான்.

டீச்சர் தண்ணீரைக் குடித்தார். அன்றிலிருந்து பதிவாளர் செயற்குழுவுக்குக் கிளம்பும் மாலைகளில், கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, வெறுங்காலோடு சமையலறைக்கும் பால்கனிக்கும் இடையே நடக்க ஆரம்பித்தார். ஒரு நடைக்குப் பதினெட்டு தப்படி. ஒரு மாலைக்கு இருநூறு நடை.

பரிசோதனை நாள் வந்தது. வதிவிட அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். காத்திருக்கும் அறை, மீன் கெடாமல் வைக்கும் அறை போலக் குளிர்ந்தது. நல்ல முழங்காலோடு வருபவர்களையும் கைவிடாத அறை அது. உள்ளே ஓர் இளம் பெண் டாக்டர். பக்கத்தில் முத்திரையும் கையுமாக ஓர் அதிகாரி.

“எங்கம்மா வலிக்குது?” என்று டாக்டர் கேட்டார்.

“இடது முழங்கால்ல,” என்றார் பதிவாளர்.

“நடக்க முடியுதா?”

“நாலடி. அதுவும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான்.”

“சார், நான் அவங்களைக் கேட்டேன்.”

“அவங்களுக்கு வலியில பேச வராது டாக்டர்.”

டீச்சர் மடியிலிருந்த கம்பளியை மடித்துப் பதிவாளர் கையில் கொடுத்தார். எழுந்தார். தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து எழுந்தார். இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்தார். கதவு வரைக்கும் நடந்து போய், திரும்பி வந்தார்.

“நடந்தா வலிக்கல டாக்டர். உட்கார வச்சாத்தான் வலிக்குது.”

அதிகாரி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து டீச்சரின் கையைக் குலுக்கினார். “மூணு வருஷம் கழிச்சு இப்பத்தாம்மா ஒருத்தர் குணமாகியிருக்கீங்க! எங்க திட்டத்துக்கே பெருமை! மனமார்ந்த வாழ்த்துகள். முப்பது நாள்ல நாட்டை விட்டுப் போயிடணும்.”

“நானுமா?” என்றார் பதிவாளர்.

“நோயாளி இல்லாம உடனிருப்பவர் எப்படி சார்? ஒருவேளை உங்களுக்கே ஏதாவது நோய் இருந்தா...”

“இடுப்பு,” என்றார் பதிவாளர்.

“எப்பல இருந்து?”

“இப்ப... ரொம்ப நாளா. இவங்க வலிக்கு முன்னாடி என் வலியைச் சொல்லக் கூடாதுன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன்.”

இப்படி ஒரு தியாகத்துக்குள் இன்னொரு தியாகம் ஒளிந்திருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. சக்கர நாற்காலி காலியாக இருந்தது. பதிவாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதில் மெல்ல உட்கார்ந்தார். நோய் பாதுகாப்புக் குழுவின் வகுப்பில் முதல் மாணவரே அவர்தானோ என்று தோன்றும்படி உட்கார்ந்தார்.

டாக்டர் எதையோ எழுதினார். அதிகாரி திருப்தியோடு தலையாட்டினார். “அப்ப சார் முதன்மை நோயாளி. அம்மா உடனிருப்பவரா இருந்துக்கலாம். ஆனா விதிப்படி, உடனிருப்பவர் எப்பவும் நோயாளி கூடவே இருக்கணும்.”

“டிப்போவுக்குப் போக முடியாதா?” என்று டீச்சர் கேட்டார்.

“அதான் சொல்றாரே, கூடவே இருக்கணும்னு,” என்றார் பதிவாளர்.

“நீங்க என்கூட இருந்தீங்களா?”

“நான் சங்க வேலையா இருந்தேன். அது வேற.”

டீச்சர் அவர் முன்னால் குனிந்து, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் கையை வைத்தார். அவர் குரலில் கோபமில்லை.

“எந்திரிங்க. ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்குப் போலாம். குளிருச்சுன்னா ஹீட்டர் போட்டுக்கலாம். உங்க கேரம் போர்டையும் எடுத்துட்டுப் போலாம். எந்திரிங்க.”

பதிவாளர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம் அவருடைய வலது பாதம் நாற்காலியின் மிதியிலிருந்து கீழே இறங்கியது. டீச்சர் அதைப் பார்த்தார். அது தரையைத் தொட்டதையும் பார்த்தார்.

“அடுத்த மாசம் சங்கத் தேர்தல்மா,” என்றார் பதிவாளர். பாதம் பழையபடி மேலே போயிற்று. “கேப்டன் இந்தத் தடவை நிக்கல.”

முப்பது நாள் தேவைப்படவில்லை, எட்டு நாளில் டீச்சர் கிளம்பிவிட்டார். அந்த எட்டு நாளும் காலையில் டிப்போவுக்குப் போனார். கடைசி நாள் பதினேழாம் நம்பர் பஸ் கட்டிடத்து வாசலில் நின்றது. அங்கே அதற்கு நிறுத்தம் கிடையாது. புதியவர்கள் நாலு பேரும் இறங்கி வந்து பெட்டிகளை ஏற்றினார்கள். பதிவாளர் சக்கர நாற்காலியில் வாசல் வரை வந்தார். அதிகாரிகள் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் எழுந்து நிற்கவில்லை.

“உடம்பைப் பார்த்துக்கம்மா,” என்றார்.

“நீங்க ரொம்பப் பார்த்துக்காதீங்க,” என்றார் டீச்சர். “குணமாயிடப் போகுது.”

பஸ் நகர்ந்த பிறகு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. டிரைவரும் கண்ணாடியில் அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

இப்போது இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. பதிவாளர் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சங்கத்தின் ஆண்டு மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்திருக்கிறது. மனைவியின் உடல்நலத்துக்காகத் தாய்நாட்டையே துறந்தவர் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். மலரின் ஒரு பிரதியை மறக்காமல் டீச்சருக்கும் அனுப்பி வைத்தார். படித்தவர்கள் யாருக்கும் சந்தேகம் எதுவும் வரவில்லை.

டீச்சர் பழைய ஸ்கூலில், பழைய இருக்கையில் இருக்கிறார். குளிர் நாட்களில் முட்டி லேசாகப் பிடிக்கும். ஹீட்டர் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். போன வாரம் வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒரு வங்கிக்காரம்மா, சிவப்பு விளக்கில் நிற்கும்போது பேச்சுக் கொடுத்தார்.

“வீட்டுக்காரர் என்ன பண்றாரு டீச்சர்?”

“எனக்காக வெளிநாட்டுல இருக்காரு.”

வங்கிக்காரம்மா குழம்பிப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பினார். “நீங்க இங்கதானே இருக்கீங்க?”

“ஆமா. நான் கூட இருந்தா, அவரால எனக்காக இருக்க முடியல.”